இரும்பில் முடைந்த கூடை

முதன்முதலாக அந்த வாள்கொல்லரின் பட்டறைக்குப் போனபோது அவர் எனக்கு ஒரு வாளையும் காட்டவில்லை. கையை நீட்டுங்கள் என்றார். மேசைமேல் ஒரு பழுப்புத் தாளை விரித்து, என் வலக்கையை அதில் அமர்த்தி, விரல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். பிறகு முஷ்டி பிடிக்கச் சொல்லி, விரல் கணுக்களின் மேலாக ஒரு நூலை ஓட்டி அளந்தார். கட்டைவிரலை மடக்கிப் பிடிப்பேனா, பிடியின் முதுகில் நீட்டி வைப்பேனா என்று கேட்டார். வெறுங்கையா, தோல் கையுறையா என்று கேட்டார். எல்லாவற்றையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு தேநீர் போடப் போய்விட்டார்.

நான் ஒரு பை நிறையப் படங்களோடு போயிருந்தேன். எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் எந்த வாளைப் போல எனக்கு வேண்டும், எந்தத் துளை எங்கே வர வேண்டும் என்றெல்லாம் பல மாதங்கள் யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பையை அன்று திறக்கவே இல்லை. திரும்பும் வழியில், சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறவனைப் போல, என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்காட்லாந்து வாள் என்றதும் பலருக்கு நினைவில் வருவது இரண்டு கைகளாலும் சுழற்றும் நெட்டை வாள். கேலிக் மொழியில் 'கிளேமோர்' என்றால் பெரிய வாள் என்று பொருள். அந்தப் பெயர் பிற்காலத்தில் ஒருகை வாள் ஒன்றுக்கும் வந்து சேர்ந்தது. நான் சேகரிப்பது அந்த இரண்டாவது வகை. அலகு 80 முதல் 90 சென்டிமீட்டர் நீளம், நேரானது, அகலமானது. இருபுறமும் கூர் இருந்தால் பிராட்ஸ்வார்ட், ஒரு புறம் மட்டும் இருந்தால் பேக்ஸ்வார்ட். எடை ஒரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடையில் நிற்கும். இதையெல்லாம் விட முக்கியமானது பிடி. இரும்புப் பட்டைகளையும் தகடுகளையும் வளைத்து, கைமுழுவதையும் மூடும்படி கட்டிய ஒரு கூடு. ஆங்கிலத்தில் அதைக் கூடை என்றே சொல்கிறார்கள். நம் ஊரில் மூங்கிலைப் பிளந்து கூடை முடைவார்களே, அதே வேலைதான். இங்கே பிளாச்சு இரும்பால் ஆனது, முடைகிறவர் கொல்லர், அவ்வளவே வேறுபாடு.

இந்தக் கூடை அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்வீரர்கள் இரும்புக் கையுறையைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிராளியின் வீச்சில் முதலில் அடிபடுவது வாளேந்திய கைதான். விரல் போனால் வாள் போயிற்று, வாள் போனால் ஆள் போனான். கையுறை செய்த வேலையை வாள்பிடியே எடுத்துக்கொண்டது. இங்கிலாந்திலும் வெனிஸிலும் இத்தகைய பிடிகள் உண்டு. ஆனால் மலைநாட்டு ஸ்காட்லாந்தில் அது வேரூன்றி, 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்து நின்றது. பழைய ஆங்கில ஆவணங்களில் இதை 'ஐரிஷ் பிடி' என்று எழுதியிருப்பார்கள். கேலிக் பேசும் மலைநாட்டவரை ஐரிஷ்காரர் என்றே அழைத்த காலம் அது. இடது முன்கையில் தோல்போர்த்திய வட்டக் கேடயம், அதே கையில் முனை கீழ்நோக்கிய குத்துவாள், வலக்கையில் இந்த வாள்: இப்படித்தான் அவர்கள் 1689இல் கில்லிகிராங்கிச் சரிவிலும், 1745இல் பிரெஸ்டன்பான்ஸிலும் ஓடிவந்து மோதினார்கள்.

என் வேலை கிளாஸ்கோவில். நான் முதலில் மயங்கியது எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் வெள்ளிப்பிடி வாளிடம். பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிக் கிளர்ந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டுக்காக 1740ஆம் ஆண்டையொட்டி லண்டனில் சார்லஸ் காண்ட்லர் என்ற வெள்ளிக்கொல்லர் செய்தது. கலோடன் களத்தில் தோற்றவர்கள் விட்டுப்போன பொருள்களோடு வென்றவர் கைக்குப் போய், நெடுநாள் கழித்து ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தது. கூடை முழுவதும் கொழிக்கும் வேலைப்பாடு. அதன் எதிரே நான் நின்ற மணிகள் எத்தனையோ. இன்று கேட்டால், அது உயர்ந்த வெள்ளிவேலை, ஆனால் உயர்ந்த வாள்பிடி அல்ல என்பேன். அதே கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அடக்கமாகத் தொங்கும் கறுத்த இரும்புப் பிடிகளை அப்போது நான் கடந்து போனேன். அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கொல்லர் தேவைப்பட்டார்.

அவருடைய பட்டறை ஸ்டர்லிங்குக்கு வடக்கே, பெர்த்ஷயர் மலைகள் எழத்தொடங்கும் இடத்தில், ஒரு பழைய மாட்டுத்தொழுவத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறேழு பிடிகளுக்கு மேல் அவர் செய்வதில்லை. முதல் வாளுக்குக் காத்திருந்த காலத்தில், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பிறகு வாளைச் சாக்காக வைத்துப் போனேன். பிறகு சாக்கு இல்லாமலே சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். எந்த அரத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று சொல்வார். மாலையில் சூப்பும் ரொட்டியும் கொடுத்து அனுப்புவார். எங்கள் நட்பு அப்படித்தான் வளர்ந்தது.

பழைய வாள்களின் அலகு பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் அடித்ததல்ல என்பதை அங்கேதான் ஆழமாகப் புரிந்துகொண்டேன். ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் ஐரோப்பாவுக்கே அலகு அடித்துக் கொடுத்தது. அங்கிருந்து கட்டுக்கட்டாகக் கப்பலில் வந்த வெற்று அலகுகளுக்கு ஸ்காட்லாந்துக் கொல்லர்கள் பிடி கட்டினார்கள். பல அலகுகளின் பள்ளத்தில் 'ஆந்திரேயா ஃபெராரா' என்ற பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரில் 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோவில் உண்மையாகவே ஒரு கொல்லர் இருந்தார். ஆனால் அவர் இறந்து நூறாண்டு கழித்தும் சோலிங்கன்காரர்கள் அவர் பெயரைத் தரமுத்திரையாக வெட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுத்துப் பிழையோடு, விதவிதமாக. வேறு சிலவற்றில் ஓடும் ஓநாய் ஒன்று நாலைந்து கீறலில் நிற்கும். பாஸ்ஸாவு நகரத்தாரின் அடையாளம் அது, சோலிங்கன் எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் என் மனம் தஞ்சாவூருக்குப் போகாமல் இருந்ததில்லை. அதே காலத்தில் ஐரோப்பிய அலகுகள் நம் கடற்கரைக்கும் வந்து இறங்கின. மராட்டியர் அவற்றுக்கு உள்ளூர்ப் பிடி பொருத்தி 'ஃபிரங்கி' என்று அழைத்தார்கள். பரங்கிப்பேட்டையிலும் பரங்கிக்காயிலும் நாம் வைத்திருக்கும் அதே சொல். தஞ்சையின் 17ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகளில், ஐரோப்பிய வாளலகைத் துண்டித்து, யாளியும் கொடியுமாகச் செதுக்கிய இரும்புக் காப்பின் கீழே பொருத்தியவை உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். ஐரோப்பாவில் அடித்த அலகுகள் இரண்டு திசையில் பயணம் செய்து, ஒன்று ஸ்டர்லிங்கில் இதயத்துளையிட்ட கூடைக்குள்ளும், இன்னொன்று காவிரிக்கரையில் யாளிவாய்க்குள்ளும் போய் அமர்ந்தன. இரண்டு ஊர்க் கொல்லர்களும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே தொழிலைச் செய்தார்கள்: வந்த அலகை நம்முடையதாக்குவது. இதை நண்பரிடம் சொல்லி, தஞ்சைக் கட்டாரியின் படம் ஒன்றைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கைக்காப்பை எப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். அலகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அலகு வெளியூர்ச் சரக்கு, பிடிதான் உள்ளூர்க் கலை. அந்தக் கலைக்கு இரண்டு தலைநகரங்கள் இருந்தன, கிளாஸ்கோவும் ஸ்டர்லிங்கும். இரண்டிலும் சுத்தியல் பிடிப்போர் சங்கங்கள் இருந்தன. கொல்லர், ஆயுதம் செய்வோர், சேணத் தொழிலாளர் எல்லாரும் அதில் அடக்கம். சங்கத்தில் சேர ஒருவர் ஒரு சோதனைப்பொருள் செய்து காட்ட வேண்டும். அதைப் பெரியவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சொந்தப் பட்டறை வைக்கலாம். அந்தச் சோதனைப்பொருளுக்குச் சங்கப் பதிவேடுகளில் இருக்கும் பெயர் 'எஸ்ஸே'. இன்று ஆங்கிலத்தில் கட்டுரைக்கு வழங்கும் அதே சொல். நம் சொல்லிலும் 'கட்டு' இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கூடையைக் கட்டுகிறவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நினைவு வந்துவிடுகிறது.

கிளாஸ்கோ மரபு ஒழுங்கானது. சதுரத் தகடுகள், விளிம்பில் வரிப்பள்ளங்கள், நடுவே இதயவடிவத் துளையும் வட்டத் துளைகளும். ஜான் சிம்ப்சன் என்ற பெயரில் தந்தையும் மகனும் அங்கே பெயர் பெற்றார்கள். தங்கள் பிடிகளில் எழுத்து முத்திரையும் இட்டார்கள். அந்தப் பிடிகளைப் பார்க்கும்போது வெண்பா கேட்பது போல இருக்கும். தளை எங்கும் தட்டாது. ஸ்டர்லிங் மரபு வேறு. அங்கே ஆலன் குடும்பம். அவர்களில் வால்ட்டர் ஆலன் 1732இல் சங்கத்தில் சேர்ந்தவர். அவர் கையில் பட்டைகள் பாம்புபோல் நெளிகின்றன, வட்டங்களாகச் சுருள்கின்றன, ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இருப்பதில்லை. கறுத்த இரும்பில் மெல்லிய பித்தளைக் கோடுகளை இழைத்துப் பதித்திருப்பார். இவ்வளவு சுதந்திரம் எடுத்துக்கொண்ட இன்னொரு வாள்பிடிக்காரரை நான் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஆயுதக் கலையில் தலைசிறந்த நாலைந்து பேரில் அவரை வைப்பேன். சிம்ப்சன்தான் உயர்ந்தவர் என்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்களோடு இரவு முழுவதும் வாதாட நான் தயார்.

ஒரு கூடை எப்படி எழுகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் ஒரு இரும்புப் பட்டையை உலையில் சிவக்கவைத்து, பட்டடைமேல் வைத்து நீட்டுவார். அதிலிருந்து முன்காப்பு, பக்கக்காப்பு, பின்காப்பு என்று துண்டுகள். தட்டையாக இருக்கும்போதே தகடுகளில் துளையிட்டு அராவிவிட வேண்டும். வளைத்த பிறகு அரம் உள்ளே நுழையாது. ஒரு இதயத் துளைக்கு முதலில் இரண்டு வட்டத் துளைகள், கீழே ஒரு சிறு துளை. பிறகு அரை வட்ட அரம், முக்கோண அரம், கடைசியில் ஊசி அரம். ஒருமுறை எனக்கு ஒரு இதயத்தை ஒப்படைத்தார். காலையில் தொடங்கியவன் விளக்கு ஏற்றும் நேரத்தில் முடித்தேன். அவர் தகட்டை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இரும்பைப் பார்க்காமல் அதன் வழியே தெரிந்த வெளிச்சத்தின் வடிவத்தைப் பார்த்தார். இடது பக்கம் இன்னும் ஒரு மயிரிழை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அந்த இதயம் இன்று எங்கோ கனடாவில் ஒருவருடைய வாளில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்குகிறது.

தகடுகள் ஆனபின் வளைத்தல். மரத்துண்டில் குடைந்த குழியில் வைத்துத் தட்டித்தட்டி, உள்ளங்கைபோல் குவிய வைப்பார். பிறகு ஒவ்வொரு பட்டையையும் கம்பியால் கட்டி நிறுத்தி, இணைப்புகளில் பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பற்றவைப்பார். பழைய கொல்லர்கள் செய்தது போலவே. ஒரு மூட்டு சூடேறும்போது முன்பு பற்றவைத்த மூட்டு இளகிவிடக் கூடாது. அந்தச் சில நிமிடங்களில் பட்டறையில் யாரும் பேசுவதில்லை. மூன்று காப்புகளின் மேல்முனைகளும் ஒன்றுகூடி, வாளின் தலையில் இருக்கும் குமிழின் கீழே வெட்டிய பள்ளத்துக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அங்கே திருகாணி கிடையாது. அலகின் வால் பிடிமரத்தை ஊடுருவிக் குமிழின் உச்சியில் வெளிவரும், அதைத் தட்டிப் பரப்பினால் முழு வாளும் ஒரே இறுக்கத்தில் பூட்டிக்கொள்ளும். குமிழைத் தட்டும் கடைசி அடிக்கு முன்னும் பின்னும் அவர் வாளைச் சுண்டிப் பார்ப்பார். முன்னால் ஒரு கலகலப்பு. பின்னால் நீண்டு ஒலிக்கும் ஒரே ஓசை.

பிடிமரத்தில் புரியாகப் பள்ளம் எடுத்து, மீன்தோல் போர்த்தி, முறுக்கிய கம்பியைச் சுற்றுவார். திருக்கைமீனின் சொரசொரத் தோல் வியர்வையிலும் வழுக்காது. கூடைக்குள் தோலும் சிவப்புக் கம்பளித் துணியும் சேர்த்துத் தைத்த ஒரு மெத்தை. பழைய வாள்களில் பெரும்பாலும் மக்கியும் பூச்சி அரித்தும் போனது இதுதான். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் இன்று பார்ப்பது எலும்புக்கூட்டை. உயிரோடு இருந்தபோது அது உள்ளே சிவந்த துணியோடு, ஓரத்தில் பட்டு நாடாவோடு, ஒரு கை போய்த் தங்கும் இடமாக இருந்தது.

என் முதல் வாள் கைக்கு வந்த நாளில் நான் செய்த முதல் காரியம், அதைத் திருப்பித்திருப்பி வெளிப்புறத்தை ரசித்தது. கிளாஸ்கோ மரபில், எட்டு இதயங்கள். அவர் பொறுமையாக நின்றுவிட்டு, "உள்ளே பாருங்கள்" என்றார். மெத்தையை இன்னும் தைக்கவில்லை. பார்த்தேன். உட்பக்கப் பட்டைகளின் ஒவ்வொரு விளிம்பும் உருட்டி மழுக்கப்பட்டிருந்தது. துணி மூடிவிடும், யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே அராவியிருந்தார். கையை நுழைத்தேன். மணிக்கட்டை எந்தத் திசையில் திருப்பினாலும் இரும்பு தொடவில்லை. தொடாத தூரமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தது. அந்த ஒரு விரற்கடைக் காற்றைத்தான் அவர் அத்தனை மாதமும் செய்துகொண்டிருந்தார். இரும்பு அதைச் சுற்றி நிற்கும் சுவர்.

அதற்குப் பிறகு அருங்காட்சியகங்களில் என் பார்வை மாறிவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து, கூடையின் வாய் வழியாக உள்ளே பார்க்க முயல்கிறேன். பெரும்பாலும் முடிவதில்லை. வாளை அகலவாட்டில், வெளிமுகத்தைக் காட்டித் தொங்கவிடுவதே வழக்கம். அது தவறு என்று நினைக்கிறேன். குடத்தின் அழகை அதன் வெளிச்சித்திரத்தால் மட்டும் அளந்தால் தண்ணீர் எங்கே போகும்? ஒரு கூடையையாவது அடியிலிருந்து ஒளி பாய்ச்சி, வாய் நம்மைப் பார்க்கும்படி வைத்தால், உள்ளே இருந்த கை பெரியதா சிறியதா என்று ஒரு சிறுமியால்கூடச் சொல்லிவிட முடியும். மலைநாட்டுப் பழைய பிடிகளில் பல வியக்கத்தக்க அளவு சிறியவை. என் கை பல கூடைகளுக்குள் நுழையவே நுழையாது.

1746 ஏப்ரல் 16இல் கலோடனில், இளவரசர் சார்லஸின் மலைநாட்டுப் படை அரசுப் படையிடம் தோற்று, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மலைநாட்டவர் ஆயுதம் வைத்திருப்பதற்கு ஏற்கெனவே இருந்த தடையைப் புதிய சட்டம் இறுக்கியது. களத்தில் பொறுக்கிய வாள்களில் ஒரு பகுதியை இங்கிலாந்தின் ட்விக்கன்ஹாமுக்குக் கொண்டுபோய், பிடிகளைக் கழற்றி வீசிவிட்டு, அலகுகளைத் தோட்டவேலிக் கம்பிகளாக நட்டார்கள். எனக்கு இதில் வலிப்பது அலகுகள் வேலியானது அல்ல, சோலிங்கனில் அலகு இன்னும் கிடைக்கும். கழற்றி எறிந்த கூடைகள்தான். எத்தனை சிம்ப்சன்கள், எத்தனை ஆலன்கள். அதன்பின் மலைநாட்டுப் படைப்பிரிவுகளுக்கு அரசு கொடுத்த வாள்களின் பிடியை ஆங்கில ஒப்பந்தக்காரர்கள் மெல்லிய தகட்டில் வெட்டி, கறுப்பு வண்ணம் பூசி அனுப்பினார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு. இதயத் துளையின் இடத்தில் அவசரமான முக்கோணங்கள். அவற்றையும் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வரலாற்றுக்காக. என் வீட்டுச் சுவரில் அவற்றுக்கு இடமில்லை.

சுவரில் இப்போது நான்கு இருக்கின்றன. கிளாஸ்கோ மரபில் இரண்டு, 17ஆம் நூற்றாண்டு நாடாப்பட்டைப் பாணியில் ஒன்று, வால்ட்டர் ஆலன் பாணியில் பித்தளை இழைத்தது ஒன்று. நான்காவதுக்கு மூன்று ஆண்டு காத்திருந்தேன். அதன் நெளிபட்டைகளை அவர் இருமுறை வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கினார். ஆலன் இதை வரையாமல் செய்திருக்க வேண்டும், கோடு போட்டுச் செய்தால் நெளிவு செத்துவிடுகிறது என்றார். மூன்றாம் முறை கோடு போடவில்லை. மாதம் ஒருமுறை நான்கையும் இறக்கி, மெல்லிய துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றிலும் கையை நுழைத்துப் பார்த்துவிட்டு மாட்டுவது என் வழக்கம்.

சென்ற குளிர்காலத்தில் அப்படி இறக்கியபோது முதல் வாளின் பக்கப்பட்டை என் நடுவிரல் கணுவைத் தொட்டது. வாள் மாறவில்லை. பதினான்கு ஆண்டில் என் கணுக்கள் பருத்துவிட்டன, குளிரில் வீக்கமும் வருகிறது. அடுத்த சனிக்கிழமை போனபோது சொன்னேன். அவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு உருளையை எடுத்து மேசைமேல் விரித்தார். பழுப்புத் தாள், ஓரத்தில் என் பெயர், தேதி, 'கட்டைவிரல் நீட்டி' என்ற குறிப்பு. கையை வைக்கச் சொன்னார். பழைய பென்சில் கோட்டுக்குள் என் கை அடங்கவில்லை. கணுக்களின் இடத்தில் வெளியே பிதுங்கி நின்றது. அவருடைய விரல்களும் வளைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். காதிலிருந்து ஒரு நீலப் பென்சிலை எடுத்தார். பழைய கோட்டைச் சுற்றி, மெதுவாக, புதிய கோட்டை இழுக்கத் தொடங்கினார்.